வெள்ளிக்கிழமைக் கடலை

கெலிஓயாவில் டியூஷன் வகுப்புக்குப் போகும் சந்தில் சுகிர்தாவின் தேநீர்க் கடை இருக்கிறது. எட்டு வருடமாக அந்தக் கடை ஓடியது எண்ணெயில் பொரித்த ரோல்ஸையும் பெட்டிஸையும் நம்பித்தான். வகுப்பு விட்டதும் பிள்ளைகள் மொய்த்துவிடுவார்கள். மிஞ்சியதைப் புருஷன் மோகனராஜ் ஒரு கை பார்ப்பான். ஓட்டோ ஓட்டுகிறவன், தண்ணீருக்குப் பதில் சோடா குடிக்கிறவன். போன வருடம் சீனி வருத்தம் முற்றி, அவன் கால் பெருவிரலை எடுத்தார்கள். வயது நாற்பத்தொன்று.

கொடுத்துக் கெடுத்தது தானே என்று சுகிர்தாவுக்கு மனம் ஆறவில்லை. பிள்ளைகளிடம் ரோல்ஸை நீட்டக் கை வரவில்லை. ஒருநாள் பேக்கரிக்காரரிடம், "இனி எனக்குப் போட வேணாம்ணே" என்று சொல்லிவிட்டாள்.

"அப்ப என்னத்த விக்கப் போற?" என்றான் மோகனராஜ்.

"அவிச்ச கடல."

"பிள்ளைங்க திங்காதுங்க. கடைய மூட வேண்டியதுதான்."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. கடை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் பிடிவாதக்காரி.

நாள் பார்த்ததுதான் வினையாகிப் போனது. நல்ல நாளென்று வெள்ளிக்கிழமையைப் பிடித்தாள். தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலையை வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினாள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கடலை கொடுப்பது பக்கத்து மாரியம்மன் கோயில் வழக்கம். அந்த நேரம் பார்த்து அங்கே மணியும் அடித்தது. கேட்கவா வேண்டும்? பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். பக்தியோடு வாங்கியவர்களிடம் காசு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சட்டியும் காலி, காசு போடும் மேசை லாச்சியும் காலி.

மோகனராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அடுத்த வகுப்பு நாளில் இலையை விட்டுவிட்டுக் கடதாசிச் சுருளில் போட்டாள். விலையைக் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டாள். முதலில் வந்த மாணவி மதுஷா அதைப் படித்துவிட்டு நின்றாள்.

"அக்கா, இது கோயில் கடல இல்லையா?"

"இல்லம்மா. காசுக்குத்தான்."

சுகிர்தா வரிசையை எட்டிப் பார்த்தாள். இவள் திரும்பினால் பின்னால் நிற்கிறவர்களும் போய்விடுவார்கள்.

மதுஷா பைக்குள் கைவிட்டுக் காசை எடுத்தாள்.

"அப்ப ரெண்டு தாங்க. அன்னைக்கே இன்னொன்னு வேணும்னு இருந்துச்சு. பிரசாதத்த எப்பிடி ரெண்டாந்தரம் கேக்கிறது?"