ஒன்றுக்கு இரண்டு வளையம்

எனக்கு வாய்க்கொழுப்பு கூட. மற்றவர்கள் சொன்னால் இன்றைக்கும் கோபம் வரும். அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

மன்னார்த் தீவில் எங்கள் கரையில் எந்த வள்ளத்தின் எஞ்சின் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். கடலுக்கு நடுவில் நின்றுபோன எஞ்சினைக் கூட எழுப்பிக்கொண்டு கரைசேர்ந்தவன் நான். அந்தப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது. ஆனால் வள்ளத்தின் பின்னால் பூட்டுகிற அந்த எஞ்சின்களில் ஒயிலை எரிபொருளோடு கலந்தே ஊற்றுவோம். ஒயிலை வடிகட்டுகிற பில்டர் என்ற சாமானே அதில் கிடையாது. பழைய யப்பான் கார் ஒன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்படி ஒன்றை நான் கையில் எடுத்தேன். இதை யாருக்காவது சொன்னேனா? எங்கே சொல்ல.

என் மனைவி அப்போது ஒன்பது வருடமாகத் தொண்டர் ஆசிரியை. நிரந்தர நியமனம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தாள். கடைசியில் கடிதம் வந்தது: திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு யாழ்ப்பாணத்தில் நேர்முகத் தேர்வு. முதல் நாளே பஸ்ஸில் போய்த் தன் மாமி வீட்டில் தங்குகிறேன் என்றாள்.

"வீட்டில கார் நிக்கேக்க நீ ஏன் பஸ்ஸில இடிபடுவான்? விடிய வெளிக்கிட்டால் எட்டு மணிக்கு அங்க நிப்பம்" என்றேன்.

தூரப் பயணம் என்பதால் ஒயிலையும் பில்டரையும் மாற்ற நினைத்தேன். கராச்சுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். என்னைப் பார்த்தா இப்படிச் சொல்கிறாய் என்று ஒரு பார்வை பார்த்தேன். சனிக்கிழமை இரண்டு பேருமாகப் பட்டினத்தில், நானா என்று எல்லோரும் கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவர் ஒருவரின் கடைக்குப் போய்ப் பில்டர் வாங்கினோம். "பழைய ரப்பர் வளையத்தைக் கழட்டிப்போட்டுப் பூட்டுங்க தம்பி" என்று சொல்லித்தான் அவர் தந்தார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, முன் சில்லுகளை இரண்டு பனங்குற்றிகளின் மேல் ஏற்றி, சாக்கை விரித்துக் காருக்குக் கீழே படுத்தேன். பழைய பில்டர் அசையவே இல்லை. வலைக் கயிற்றைச் சுற்றி, ஒரு தடியைக் கொடுத்து முறுக்கினேன். கழன்று வந்தது. எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. மனைவி பக்கத்தில் குந்தியிருந்து டோர்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, பழைய வளையம் எஞ்சினிலயே ஒட்டிக்கொண்டு கிடக்குது. அதை எடுக்கேல்லையோ?"

நானும் அதைக் கண்டேன். கவனிக்கவில்லை என்று பிறகு எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். கண்டேன். ஆனால் கடலுக்குப் போகிறவன் எதையும் ஒன்றுக்கு இரண்டாகத்தான் வைப்பான். கயிறும் இரண்டு, நங்கூரமும் இரண்டு, தண்ணீர் புகுமென்று பயப்படுகிற மூட்டில் ரப்பரும் இரண்டு.

"ஒண்டுக்கு ரெண்டு இருந்தால் இன்னும் இறுக்கம்தானே" என்றேன்.

"கடையில அந்த நானா சொன்னவரெல்லோ."

"நீ பிள்ளையளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடு. எஞ்சினை என்னட்ட விடு."

நான் புது பில்டரைப் பழைய வளையத்தின் மேலேயே வைத்து இறுக்கி முடிக்கும்வரை அவள் டோர்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் விடியப் புறப்பட்டோம். கஞ்சி போட்ட சேலை கசங்காமல் இருக்க அவள் சாயாமல் நிமிர்ந்தே இருந்தாள். சான்றிதழ்க் கோப்பு மடியில். பாலம் தாண்டி, பூநகரி றோட்டில் வேகத்தைக் கூட்டினேன்.

"மீற்றர் பலகையில சிவப்பு விளக்கு ஒண்டு பத்துது" என்றாள்.

"அது சும்மா" என்றேன்.

விடத்தல்தீவு தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் எஞ்சின் இறுகி நின்றது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். கீழ்ப்பக்கம் முழுக்க ஒயில்; ஒன்றின்மேல் ஒன்றிருந்த வளையங்கள் வழுக்கி, பில்டர் மூட்டால் எல்லாம் கொட்டியிருந்தது. வந்த வழி நெடுக றோட்டில் கறுப்புக் கோடு.

பஸ் போய்விட்டிருந்தது. கடைசியில் மீன் ஏற்றிய கூலர் வாகனம் ஒன்று நின்றது. முன்னுக்கு ஒரு ஆளுக்குத்தான் இடம். அவள் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள். ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், அது எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. அவளுடைய இலக்கத்தைக் கூப்பிட்டு முடித்து, பட்டியலையும் மூடிவிட்டார்களாம். அடுத்த அழைப்பு வர மூன்று வருடம் ஆனது.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். அன்று பின்னேரமே நான் நேரே நானாவின் கடைக்குப் போனேன். வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். அது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

"டூப்ளிகேட் சாமானைத் தந்து என்ர மனுசியின்ர வேலையை அழிச்சுப்போட்டீங்கள்" என்று கத்தினேன்.

"பழைய வளையத்தைக் கழட்டினீங்களா தம்பி?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"கழட்டாமல்? எனக்குப் படிப்பிக்கிறீங்களோ?"

அவர் புது பில்டர் ஒன்றை எடுத்து நீட்டினார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதே கதைதான். மாமியார் கேட்டபோது மனைவி பக்கத்தில் இருந்தாள். "பில்டர் பிழை" என்று நான் சொல்ல, அவள் எழும்பித் தேத்தண்ணி போடப் போனாள்.

ஐந்து வருடம் கழித்து அதே கடையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் பில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இஞ்ச வாங்கப் பயம். இந்தக் கடைச் சாமானால ஒராளின்ர எஞ்சின் இறுகிப்போச்செண்டு கேள்வி" என்றார்.

நானா என் பக்கம் பார்க்கவே இல்லை. "வேற கடையிலயும் இருக்கு, பாருங்க" என்றார். அந்த ஆள் போய்விட்டார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"நானா, அண்டைக்கு நான் பழைய வளையத்தைக் கழட்டேல்லை."

"தெரியும் தம்பி. தங்கச்சி, உங்கட மனுசி, அடுத்த நாளே வந்து சொல்லிட்டா. அவர் தானா வந்து சொல்லுவார், அதுவரைக்கும் தெரிஞ்ச மாதிரிக் காட்டாதீங்க எண்டு கேட்டுக்கொண்டா." தூசித் துணியால் மேசையைத் துடைத்தார். "நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தன்."

ஐந்து வருடமாக இரண்டு பேர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

வீட்டில் மனைவி பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். "நானாவிட்ட சொல்லிப்போட்டன்" என்றேன்.

அவள் பேனையை வைத்தாள். முகம் மலர்ந்தமாதிரித்தான் இருந்தது. "கடையில வேற ஆர் நிண்டது?"

"ஒருத்தரும் இல்லை."

அவள் பேனையை எடுத்துத் திரும்பவும் திருத்தத் தொடங்கினாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்குக் கடை வாசலில் நின்ற நாலைந்து பேரும் வாசிக்கட்டும்.