ஜூலை இருபத்தைந்துக்கு மூன்று வரி

மகளுடைய பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தின்போது "வரலாற்றில் இன்று" என்று ஒன்று வாசிப்பார்கள். அதே தேதியில் முன்பு உலகத்தில் என்னென்ன நடந்தது என்று மூன்று வரி. தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற இடம், அதனால் இரண்டு மொழியிலும் வாசிக்க வேண்டும். போன வருடம் என் மகளுக்கு முறை வந்தது ஜூலை இருபத்தைந்தாம் தேதி. வருடத்தில் வேறு நாளே கிடைக்கவில்லையா இவளுக்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று காலை சீருடையை அயன் பண்ணிக்கொண்டே தாளை வாங்கிப் பார்த்தேன். 1909: ஒருவர் விமானத்தில் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குக் கடல் தாண்டிப் பறந்தார். 1978: உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. 1983: நம் நாட்டில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன.

அயன் பெட்டியைச் சீருடை மேலேயே வைத்துவிட்டேன். நல்ல வேளை, கருகவில்லை.

"இந்த மூணாவது வேணாம். வேற ஏதாச்சும் போடு."

"ஏன்மா? நடந்ததுதானே?"

"நடந்ததையெல்லாம் மைக்குல சொல்லணுமா? நமக்கு ஏன் இந்த வம்பு?"

"நீங்க எப்பவும் இப்படித்தான்," என்று தாளைப் பறித்துக்கொண்டாள். வாசிப்பாளா மாட்டாளா என்று சொல்லாமலே வேனில் ஏறிப் போய்விட்டாள்.

நான் பயந்தாங்கொள்ளி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எண்பத்து மூன்றில் எனக்கு ஆறு வயது. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா எங்களை மூன்று நாள் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். தம்பி அழுதபோதெல்லாம் அம்மா அவன் வாயைப் பொத்தினார். மகளிடம் இதெல்லாம் சொன்னதில்லை. வீடு தீப்பிடித்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், ஏதோ அடுப்பிலிருந்து பற்றிக்கொண்டது மாதிரி.

நான் மாத்தளை டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். அன்று காய்ச்சல் மாத்திரை கேட்ட பெண்ணுக்கு இருமல் பாணி மருந்தை எடுத்துக் கொடுத்தேன். போன் அடித்தபோதெல்லாம் பள்ளிக்கூட அதிபர்தான் கூப்பிடுகிறார் என்று ஓடிப்போய் எடுத்தேன். பிள்ளையைத் தனியாக நிறுத்தி விசாரிக்கிறார்களோ, வேனில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று ஒரு வேலையும் ஓடவில்லை.

இரண்டு மணிக்கு வேன் அவளைப் பாமசி வாசலில் இறக்கிவிட்டது.

"வாசிச்சியா?"

"வாசிச்சேன். ரெண்டு பாஷையிலயும்."

"யாரும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாரும் வெயில்ல நெளிஞ்சிக்கிட்டு நின்னாங்க. குழாய்ல எப்படிப் பிள்ளை பொறக்கும்னுதான் சிரிச்சாங்க."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவுதானா என்று ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"என் பக்கத்துல இருக்கிற சிங்களப் பிள்ளை மட்டும் கேட்டா, யாரு எரிச்சாங்கன்னு. அவளுக்கு நெஜமாவே தெரியல. எனக்கும் தெரியல. யாரும்மா?"

வீடு எரிந்த அன்று, ஒளிந்திருந்த பக்கத்து வீட்டு ஜன்னல் இடுக்கால் நான் ஒருவரைப் பார்த்தேன். எங்கள் தையல் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். இப்போது அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மாதம் ஒரு தடவை பிரஷர் மாத்திரை வாங்க எங்கள் பாமசிக்குத்தான் வருவார். "துவ" என்று சிங்களத்தில் மகளைக் கூப்பிடுவது போலத்தான் என்னைக் கூப்பிடுவார். நானும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பேன்.

"எனக்கும் தெரியாதும்மா," என்றேன்.