ரெண்டே சொட்டு

சீனி டப்பாவின் தகர மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பும்போது எழும் ‘டக்’ என்ற சத்தமும், அதன் பின்னாலேயே மூக்கைத் துளைத்துக்கொண்டு வரும் யூக்கலிப்டஸ் தைலத்தின் வாடையும்தான் எங்கள் வீட்டு மார்கழி. கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்கள் பனியில் நனைந்து கிடக்க, பிள்ளைகளின் மூக்கெல்லாம் ஒழுகும். கொடைக்கானலுக்குச் சுற்றுலா வேன் ஓட்டிய பெரியப்பா, மலையிறங்கும்போதெல்லாம் ஒரு பாட்டில் ‘தைலம்’ வாங்கி வருவார். அதில் ஒட்டியிருந்த தாளில் ஒரு மலையும் இரண்டு மரங்களும் இருந்தன. யார் காய்ச்சியது, எதற்கு, எவ்வளவு என்று ஓர் எழுத்துகூட இல்லை. நெஞ்சில் தேய்ப்போம், ஆவி பிடிப்போம், அதற்கும் சளி இறங்காவிட்டால் சீனியில் விட்டு முழுங்குவோம். அதற்கு ‘உள்ளுக்குக் குடுக்குறது’ என்று பெயர்.

என் தம்பி சகாயத்துக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. சரியான வாயாடி. தெருவில் போகிற ஆட்டைக்கூட விடாமல் ஆளுக்கொரு பேர் வைத்துக் கூப்பிடுவான். எரிகிறதென்று நான் துப்பிவிடும் தைலச் சீனியை அவன் கேட்டு வாங்கித் தின்றான். மூடிச் சத்தம் காதில் விழுந்தால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்து வாயை ஆவென்று திறந்துகொண்டு நிற்பான். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வீடு நிறைய ஆட்கள். சகாயத்துக்கு நெஞ்சுச் சளி. காலையில் அம்மா கொடுத்தாள். பூசை முடிந்து வந்த பெரியப்பா, பிள்ளை இருமுவதைக் கேட்டுத் தன் பங்குக்குக் கொடுத்தார். கூடலூரிலிருந்து வந்திறங்கிய அத்தை, செருப்பைக் கழற்றிய கையோடு, “ஏலே, எங்கன ஒளிஞ்சிருக்க, வந்து வாயத் தொற” என்று அவளும் கொடுத்தாள். ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. சொட்டுச் சொட்டாக விடுவதற்கு அந்தப் பாட்டிலில் வழியும் கிடையாது. கை சாய்ந்த அளவுதான் சொட்டு. மத்தியானம் பிரியாணி பரிமாறும்போது பிள்ளை தள்ளாடினான். தூக்கம் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் கண் மேலே செருகி, கைகால் இழுக்க ஆரம்பித்தது. பெரியப்பாவின் வேனில் தேனிக்கு ஓடினோம். வழி நெடுக இழுப்பு நிற்கவேயில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பிள்ளையின் வாயருகே குனிந்த டாக்டர் நிமிர்ந்து, “என்னம்மா குடுத்தீங்க?” என்று கேட்டார்.

“தைலம் சார். ரெண்டே சொட்டுதான்” என்றாள் அம்மா.

“நானும் ரெண்டு சொட்டுதான் சார் விட்டேன்” என்றார் பெரியப்பா. அத்தை இரண்டு விரலைக் காட்டினாள்.

“மேல தடவுறதம்மா இது. உள்ள போனா பச்சப் பிள்ளைக்கு விஷம்.”

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரைக்கும் என் வயிற்றெரிச்சல். ஒருவர் தப்பு செய்திருந்தால் அவரை வெறுத்துவிட்டாவது ஆறியிருப்பேன். தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வலிப்பு மட்டும் நிலைத்துவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் காய்ச்சலில் வந்தது என்றே வீட்டில் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி அவர்களே அதை நம்பிவிட்டார்கள்.

போன மாதம் அத்தையின் மருமகள் செல்போனில் ஒரு பாட்டில் தைலம் வரவழைத்தாள். அழகான பாட்டில், கண்ணாடிச் சொட்டுக்குழாயோடு. ‘முழுக்க இயற்கை, உள்ளுக்கும் சாப்பிடலாம்’ என்று அச்சடித்திருந்தது. அதைப் படமெடுத்துக்கொண்டு புகார் சொல்லப் போனேன். உணவைக் கவனிக்கும் அலுவலகத்தில், “இது உணவுல வராதும்மா. மருந்து ஆபீஸ்ல கேளுங்க” என்றார்கள். அங்கே போனால், “மருந்துன்னு லேபிள்ல போடலையே மேடம், வாசனை எண்ணெய்னுல்ல போட்டிருக்காக” என்றார்கள். இவர்கள் சொன்னதிலும் பொய்யில்லை. படியிறங்கும்போது எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாதான் ஞாபகம் வந்தது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் அத்தை வந்தாள், சளி பிடித்த பேத்தியையும் அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு.

“அத்தை, சகாயத்துக்கு ஆனது மறந்துபோச்சா?” என்றேன்.

“அவனுக்குக் காய்ச்சல்ல வந்த வெட்டு வலிப்புடி ஆத்தா. டாக்டரே அப்பிடித்தான சொன்னாக. இது கம்பெனி ஐட்டம், ரெண்டே சொட்டு, ஒண்ணும் செய்யாது” என்றபடி சீனி டப்பாவை எடுத்தாள்.

நான் குழந்தையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். இன்றைக்குத் தூக்கிவிட்டேன், நாளைக்குக் கூடலூரில் யார் தூக்குவார்கள்? பெரியப்பாவும் இல்லை, அந்த வேனும் இல்லை, ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல் எப்போதோ போய்விட்டது. உள்ளே ‘டக்’ என்று மூடி திறந்தது. திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் தம்பி, தாடியில் நரை விழுந்த சகாயம், வாயை ஆவென்று திறந்துகொண்டு காத்திருந்தான்.