கண்ணாடி அலமாரியில் இருந்த பெட்டிகள்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாவது வரைதான். ஸ்குரு டிரைவர் பிடித்துப் பழகிய கையில் பேனா நிற்பதில்லை. எங்கள் டிவி, செல்போன் பழுதுபார்ப்போர் சங்கத்து ஆண்டு மலருக்கு, மூத்தவர்கள் ஆளுக்கொரு அனுபவம் சொல்ல வேண்டும் என்றார்கள். மேடையில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். புதிதாகக் கடை போடுகிறவர்கள் படித்தால் போதும்.

1. முதல் நாள் வேலை

நான் தொழில் பழகிய இளங்கோ அண்ணன் டிவி கடை நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த கேட்டை மூடினால் லேசில் திறக்க மாட்டார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய் இறங்கிக் கடைக்குள் வருவார்கள். பாதி வியாபாரம் கேட் போடும் வியாபாரம்தான்.

நான் சேர்ந்த அன்று அண்ணன் என்னிடம் கொடுத்தது ஒரு வீடியோ கேம் ஜாய்ஸ்டிக், ஒரு பழைய பல் பிரஷ், கொஞ்சம் ஸ்பிரிட். பட்டனைச் சுற்றியிருக்கும் அழுக்கை எடுக்க வேண்டும். முறுக்கு எண்ணெய், வயல் சேறு, வியர்வை எல்லாம் சேர்ந்து கறுப்பாகக் கட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் பட்டன் திரும்பவும் வேலை செய்யும். டிவி ரிப்பேர் கற்றுக்கொள்ளும் முன்பே அந்த வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

அது ரேஷன் கார்டுக்கு ஒரு கலர் டிவி என்று அரசாங்கம் கொடுத்த காலம். கூரை வீட்டிலும் டிவி வந்துவிட்டது. அதுவரை எங்கள் கடையில் தூசி படிந்து கிடந்த கேசட் பெட்டிகள், அதாவது கேசட் சொருகி டிவியில் ஆடும் மலிவான வீடியோ கேம், அறுவடை முடிந்த கையோடு விற்றுத் தீர்ந்தன. பெட்டி போன வீட்டிலிருந்து பிள்ளைகள் கேசட்டுக்கு வந்தார்கள். ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று கேசட் மேலே அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் முப்பதுகூடத் தேறாது. அதையும் வாங்கினார்கள்.

அண்ணன் பி.காம். படித்தவர். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் நடத்துவார்.

"ஆட்டம் நல்லாருக்குன்னு எவனும் கேசட் வாங்குறதில்ல ராசு. வூட்ல பொட்டி இருக்கு, அதான் வாங்குறான். எத்தன பொட்டி ஊர்ல இருக்கோ அத்தன வாய் நமக்குத் தொறந்திருக்கு."

அவர் சொன்னது சரிதான். நானும் அதை நம்பினேன். இன்றைக்கும் பாதி நம்புகிறேன்.

2. மூன்று மா

பிறகு கேசட்டுக்குப் பதில் சிடி போட்டு ஆடும் சிடி பெட்டி வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி சாமான், விலை எட்டாது. எங்கள் பக்கம் கடையில் வாங்கினவர் யாரும் இல்லை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் கொண்டுவந்ததும் கொடுத்தனுப்பியதும்தான். அதில் ஓடும் கால்பந்து ஆட்டம் ஒன்று வருடா வருடம் புது நம்பர் போட்டு வரும். டிவியில் விளம்பரம் பார்த்துவிட்டுக் கேட்டில் இறங்குகிற பையன்கள் எல்லோரும் அதன் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள்.

சென்னை டீலர் ஒருவர் வந்தார். தீபாவளிக்குப் புது நம்பர் வருகிறது, முதல் லோடை மொத்தமாகக் காசு கொடுத்து எடுப்பவருக்கே டெல்டா முழுவதற்கும் சப்-டீலர், ஆனால் விற்காததைத் திருப்ப முடியாது, ரிட்டன் கிடையாது என்றார். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, நீ டிவி ரிப்பேர் பார்க்கப் போகிற வீடுகளில் எத்தனை சிடி பெட்டி இருக்கிறது என்று பார்த்துவா என்றார்.

பார்த்தேன். மாடி வீடு என்றால் பெட்டி இருந்தது. பூவனூர்ப் பக்கம் ஒரு தெருவில் வீடு தவறாமல் இருந்தது. நான் சொல்லச் சொல்ல அண்ணன் முகம் மலர்ந்தது. அவரே வண்டியில் வந்து சில வீடுகளைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

லோடு எடுக்க அவர் கையில் இருந்தது மூன்று மா, சுமார் ஒரு ஏக்கர் நிலம்தான். ஒரு காலத்தில் பண்ணையில் கூலியாக இருந்த குடும்பம் அது. அவருடைய அப்பா சங்கத்தில் சேர்ந்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் அந்த நிலத்துக்குப் பட்டா வாங்கினார். அப்போது தொடர்ந்து குறுவை இல்லை, ஆற்றில் தண்ணீர் வரவில்லை. பூமிக்கடியிலிருந்து கேஸ் எடுக்கிறோம் என்று கம்பெனிக்காரர்கள் வேறு வயலை அளக்க வந்து, ஒரு பிடி மண்ணும் வெளியாளுக்கு விற்பதில்லை என்று ஊர் கூடிப் பேசி போர்டு வைத்திருந்தார்கள்.

அண்ணன் மனைவி தமிழ்ச்செல்வி அதிர்ந்து பேசாதவர். அன்று மட்டும் கடைக்கு வந்து, என் எதிரிலேயே கேட்டார்.

"அது என் மாமனாரு செயிலுக்குப் போயி வாங்குனதுங்க. தண்ணி வரலன்னா என்ன, நெலம் எங்க போயிடப் போவுது?"

"தண்ணி இல்லாத நெலத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கச் சொல்றியா? புள்ள படிக்க வேணாமா?"

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றார். நான் கையில் இருந்த ஜாய்ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

நிலம் மனைக்கட்டு போடுகிறவருக்குப் போயிற்று. கேஸ் கம்பெனிக்கு விற்கவில்லை என்று அண்ணன் ஊரில் சொல்லிப் பார்த்தார். வரப்பு இருந்த இடத்தில் மஞ்சள் கல் நட்டதும், தெருக் குழாயில் தமிழ்ச்செல்வியோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

3. புது நம்பர்

பார்சல் லாரியில் அட்டைப்பெட்டிகள் இறங்கின. அண்ணன் சூடம் கொளுத்தினார். கேபிள் டிவியில் கீழே ஓடும் எழுத்தில் விளம்பரம் கொடுத்தார். பையன்கள் வந்தார்கள். அந்த ஆட்டத்தின் பெயரைச் சொன்னதும் எடுத்துக் காட்டுவோம். அட்டைப் படத்தைத் தடவிப் பார்ப்பார்கள்.

"எங்க வூட்டு கேசட் பொட்டில ஓடுமாண்ணே?"

"ஓடாதுடா. சிடி பொட்டி வேணும்."

திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆசைப்பட்டவன் வீட்டில் பெட்டி இல்லை. பெட்டி இருந்த வீட்டிலிருந்து யாருமே வரவில்லை.

தீபாவளி முடிந்தது. பகலில் கரண்டும் இல்லாத காலம், கடையில் ஈ ஓட்டினோம். அண்ணன் சிடிகளைப் பையில் போட்டு என்னிடம் கொடுத்து, பார்த்துவந்த வீடுகளுக்கே போய்க் கேள் என்றார். வீடு வீடாக ஏறி விற்பது எனக்கு ஆகாத வேலை. பூவனூர்த் தெருவில் முதல் வீட்டு வாசலில் பெல் அடிக்கக் கூசிக்கொண்டு நின்றேன். அந்த வீட்டம்மாவே பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"வா தம்பி. டிவி நல்லாத்தானே ஓடுது?"

நான் சிடியை நீட்டி, உங்கள் வீட்டுப் பெட்டிக்கென்றே வந்தது என்றேன். அவர் உள்ளே கூட்டிப்போய்க் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். செண்டு பாட்டில், சுவர்க் கடிகாரம், பாசிமணி வைத்த பொம்மைகளுக்கு நடுவில் பெட்டி இருந்தது. மேலே போர்த்திய பிளாஸ்டிக் கவர் பிரிக்கப்படவில்லை. கவர் மேலேயே ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. முன்பு வந்தபோதும் நானும் அண்ணனும் இதைத்தான் பார்த்திருந்தோம். பெட்டி இருக்கிறது என்று மட்டும் பார்த்திருந்தோம்.

"இத ஓட்டுறதில்ல தம்பி. எம் மவன் சரவணன் அனுப்புனது. அவன் வந்துதான் பிரிக்கணும். நாங்க தொட்டுக் கெடுத்துட்டா?"

"அவரு எப்பங்க வர்றாரு?"

"வர்ற பொங்கலுக்குங்கறான்." அலமாரிக் கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டார். "போன பொங்கலுக்கும் அதான் சொன்னான்."

கவருக்குள் தெரிந்த ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தேன். பட்டனைச் சுற்றி ஒரு புள்ளி அழுக்கு இல்லை. என் பிரஷுக்கு அங்கே வேலையே இல்லை.

டீ கொடுத்தார். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் அலமாரிதான், மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் வயதான ஒருவர் மட்டும் இருந்தார். பெட்டி எதற்கென்றே அவருக்குத் தெரியவில்லை, ரேடியோ என்று நினைத்திருந்தார். அந்தத் தெருவில் ஆடுகிற வயதில் ஆளே இல்லை.

திரும்பி வந்து சொன்னபோது அண்ணன் திட்டவில்லை. கேட் போட்டிருந்தார்கள். பையிலிருந்த சிடிகளை எடுத்துத் திரும்ப அட்டைப்பெட்டியில் அடுக்கினார்.

"பொட்டிய எண்ணுனோம் ராசு. ஆள எண்ணல."

அடுத்த தீபாவளிக்கு இன்னொரு புது நம்பர் வந்துவிட்டது. எங்கள் நம்பரைப் பையன்கள்கூடக் கேட்பதை விட்டார்கள்.

4. கடைசியாக

கடையைக் காலி செய்து கொடுத்தோம். இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது, நான் அதில்தான் வேலை பார்க்கிறேன். அண்ணன் ஊரில் கொஞ்ச நாள் தலை காட்டாமல் இருந்தார். பிறகு குவைத்தில் ஒரு குடோனுக்குப் போனார். அட்டைப்பெட்டி எண்ணி அடுக்குகிற வேலை என்று போனில் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதாகத்தான் எனக்குக் கேட்டது.

போன மாதம் தமிழ்ச்செல்வி வீட்டு டிவியில் படம் வரவில்லை என்று கூப்பிட்டார். போனேன். பரணில் எங்கள் சிடி அட்டைப்பெட்டிகள் அப்படியே இருந்தன. கீழே புதிதாக ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் அதே மாதிரி சிடி பெட்டி, கவர் பிரிக்காமல், பொட்டு வைத்து. பையனுக்காக அண்ணன் அனுப்பியது. பையன் விடுதியில் தங்கிப் படிக்கிறான்.

அந்தப் பெட்டிக்கு வேண்டிய ஆட்டம் அதே வீட்டுப் பரணில் இருந்தது. அன்று கரண்டும் இருந்தது. நான் டிவியைச் சரி செய்துவிட்டு, "ஒரு தடவ போட்டுக் காட்டட்டுமாங்க?" என்று கேட்டேன். நானாக ஒரு வீட்டில் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

தமிழ்ச்செல்வி அலமாரிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"வேணாண்ணே. அவரு வந்து பிரிக்கட்டும்."

புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எவ்வளவு பெயர் பெற்ற ஆட்டமாக இருந்தாலும் பெட்டி இருக்கிற ஊரில்தான் விற்கும். அதை எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் சரக்கு எடுப்பதற்கு முன் அந்த வீடுகளுக்குப் போய் ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். பட்டனைச் சுற்றி அழுக்கு இருந்தால் எடுங்கள். எங்கள் பக்கத்துக்கு இந்த யோசனை இனிமேல் உதவாது. நான் பார்க்கிற வீட்டில் எல்லாம் பட்டன் சுத்தமாகத்தான் இருக்கிறது.

எழுதி முடித்தது, ஆடி மாதம் பதினெட்டாம் தேதி.