அண்ணாச்சிக்குப் பதிலாகப் பேசிய குரல்

செல்லத்துரை அண்ணாச்சி காலமான செய்தியைப் போனில் சொன்ன அவர் மகன், அடுத்த மூச்சிலேயே கேட்டான்: "அண்ணே, அப்பா பேசுன ஆடியோ எல்லாம் உங்ககிட்டதான இருக்கு?" இருக்கிறது. இருப்பதுதான் வினை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணாச்சிக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் வியாபாரிகள் குழு தேனியில் போடும் நாடகத்தில், மகனைப் பறிகொடுத்த தகப்பன் வேடம் எப்போதும் அவருக்குத்தான். அல்லிநகரத்தில் மைக்செட் கடை வைத்திருக்கும் நான் ஒலிக்குப் பொறுப்பு.

எழுதிக்கொடுத்த வசனத்தை அவர் எழுதியபடி பேசியதாகச் சரித்திரமே கிடையாது. ஒரு வருடம், பிள்ளையை விபத்தில் இழந்த தேவதானப்பட்டிக்காரர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி நீண்ட வசனத்தை அப்படியே விழுங்கிவிட்டு, ஆணியில் தொங்கிய மகனின் சட்டையைப் பார்த்து, "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். பிறகு அண்ணாச்சியிடம் காரணம் கேட்டேன். "அவுக மொகத்தப் பாத்த பெறகு அம்புட்டு வசனம் எதுக்குலே?" என்றார்.

பின்னாளில் மறதி வந்தது. ஒருமுறை மேடையில், அதே சட்டைக்கு முன்னால் பேச்சு வராமல் நின்றுவிட்டார். கூட்டத்தில் செல்போன்கள் உயர்ந்தன. அவர் மானம் ஊர் ஊராகப் போய்விடுமே என்று பதறி, முந்தைய வருடப் பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். அண்ணாச்சி திடுக்கிட்டார், பிறகு வாயசைத்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

திரைக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லிட்டிருந்தது.

"ஏலே, என்னையவிட அவன் நல்லாப் பேசுறான்."

அன்றே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வருடம் அவரே கேட்டார்; போட்டேன். ஒத்திகைக்கு வருவதை விட்டுவிட்டு, போனில் அந்தப் பதிவைக் கேட்டு வாயசைத்துப் பழகினார். முன்வரிசையைப் பார்ப்பதே நின்றுபோயிற்று. கடைசி மாதங்களில் வீட்டிலும் அந்தத் தகப்பன் வசனத்தைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சு வரவில்லை என்று அவர் மனைவி புஷ்பம் மதினி சொன்னார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் போடிக்குப் போனேன். மதினி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டது எதுலயாச்சும் இருக்கா தம்பி?"

இத்தனை வருடப் பதிவுகளையும் தேடினேன். எல்லாம் மேடையில் பேசியவை; மதினியின் பெயர் எதிலும் இல்லை. "அதுக்கென்ன, இத வச்சு அப்பா கொரல்லயே கம்ப்யூட்டர்ல செஞ்சிரலாம்ணே" என்றான் மகன். எல்லாவற்றையும் கொடுத்துத் தொலைத்தேன்.

இரண்டு நாளில் செய்துவிட்டான். போனிலிருந்து அண்ணாச்சி "புஷ்பம்" என்று அழைத்தார். அச்சு அசல் அவரேதான். "இந்தா வந்துட்டேன்" என்று மதினி எழுந்தேவிட்டார். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நேற்றுப் போனபோது மதினி அந்தப் போனை மடியில் வைத்துக்கொண்டு மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நெசமா எப்புடிக் கூப்பிடுவாகன்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். வரமாட்டேங்குது. இதுதான் வருது."

சொல்லிவிட்டு, இன்னொரு தடவை அதை அழுத்தினார்.

போய் வாருங்கள், அண்ணாச்சி. உங்கள் குரலை முதலில் உங்களிடமிருந்தும், இப்போது மதினியிடமிருந்தும் எடுத்தவன் நான்தான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.