வெள்ளம் காட்டும் கொட்டகை

1. எண்ணெய்

திறப்பு விழா அன்றே ஹெட்செட் எல்லாம் நாசமாகிவிட்டன. காரணம் எண்ணெய்.

கண்ணில் மாட்டிக்கொள்கிற அந்தச் சாமானைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாட்டினால் நாலு பக்கமும் படம் தெரியும், தலையைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பும். அப்போது எனக்குச் சம்பளம் கொடுத்த பையன் கிஷோர் அதை மொத்தமாக வாங்கிவந்து குற்றாலத்தில் ஒரு கொட்டகை போட்டான். அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டால் வந்த கூட்டம் சும்மா திரும்பிப் போக வேண்டாம், எங்கள் கொட்டகைக்குள் வந்து 'மெய்நிகர் அருவி'யில் குளித்துவிட்டுப் போகலாம் என்பது அவன் திட்டம்.

குற்றாலத்துக்கு வருகிறவன் பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதல் வேலையாக உச்சந்தலையில் எண்ணெய் வைப்பான். அருவி திறந்திருக்கிறதா என்று அப்புறம்தான் விசாரிப்பான். எங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு மசாஜ் கடை, அந்தப் பக்கம் ஒரு மசாஜ் கடை. சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் ஸ்பாஞ்செல்லாம் ஊறி, உள்ளே கண்ணாடி மங்கிப் போயிற்று.

"எக்கா, அருவியக் காணல. வெறும் பனிமூட்டமால்லா தெரியுது" என்றார் ஒருவர் என்னிடம்.

"அது சாரல் எஃபெக்ட் சார்" என்று கிஷோர் கூசாமல் சொன்னான்.

இத்தனைக்கும் கிஷோர் தென்காசியில் பிறந்து வளர்ந்தவன். அவன் தலையில் அவன் அம்மா எத்தனை சனிக்கிழமை எண்ணெய் வைத்துத் தேய்த்திருப்பாள்! சென்னையில் எதையோ படித்து, பெங்களூரில் எதையோ பார்த்து, லேப்டாப்போடு ஊருக்குத் திரும்பினவனுக்குத் தன் தலையே மறந்து போயிற்று. தப்பு தன் மேல் இல்லை, ஆடியன்ஸ் இன்னும் தயாராகவில்லை என்றான்.

நான் ஜமீலா. இந்த வட்டாரத்தில் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, மைக் அக்கா என்றால் தெரியும். வீட்டுக்காரர் சார்ஜாவில் லாரி ஓட்டப் போன வருஷம் நான் பொருட்காட்சியில் மைக் பிடித்தேன். பேய் வீடு, மரணக் கிணறு, கடல்கன்னி என்று எல்லாவற்றுக்கும் ஆள் கூப்பிட்டிருக்கிறேன். கடல்கன்னிக்கு இடுப்புக்குக் கீழே ரப்பர் என்று பார்க்க வந்தவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தொழிலில் அந்த அளவுக்கு நேர்மை இருந்தது.

2. கத்தினால் கதை நகரும்

ஹெட்செட் போனதும் கிஷோர் அடங்குவான் என்று நினைத்தேன். அவன் கொட்டகையை இடித்துப் பெரிதாக்கினான். நாலு சுவரிலும் திரை, ஆடுகிற நாற்காலி, முகத்தில் தண்ணீர் பீச்சுகிற குழாய், புயல் மாதிரி அடிக்கிற பேன். இந்தத் தடவை விழிப்புணர்வு ஷோ என்று பெயர்.

கதை இதுதான். ஒரு அப்பா, அம்மா, பிள்ளை அருவியில் குளிக்கிறார்கள். திடீரென்று சைரன் ஊதும். என் குரல் வரும். "அபாயம்! அருவியில் வெள்ளம் வருகிறது! உடனே வெளியே வாருங்கள்! இது விளையாட்டு இல்லை, நிஜம்!" அதோடு படம் உறைந்து நிற்கும். "ஓடணுமா? நிக்கணுமா?" என்று நான் கேட்பேன். உள்ளே இருப்பவர்கள் கத்த வேண்டும். எந்தப் பதிலுக்குச் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் கதை போகும். இதற்கு இன்டராக்டிவ் என்று பெயர். என் குரலை ஒரே ஒரு நாள் பதிவு செய்துகொண்டு, ஷோவுக்கு ஷோ அதையே ஓட்டினான். நான் வெளியே நின்று ஆள் கூப்பிடுவேன்.

கூட்டம் 'ஓடணும்' என்று கத்தினால் அந்தக் குடும்பம் பத்திரமாகக் கரையேறிவிடும். ஒரு கைதட்டல், லைட்டைப் போட்டுவிடுவார்கள், வெளியே போகலாம். 'நிக்கணும்' என்று கத்தினால்தான் நாற்காலி ஆடும், பேன் அடிக்கும், தண்ணீர் பீச்சும், மரம் உருண்டு வரும், கடைசியில் ஹெலிகாப்டர் வந்து கயிறு விட்டு மூன்று பேரையும் தூக்கும். காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவன் எதைக் கத்துவான்? இதைக் கண்டுபிடிக்கப் பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை.

"கிஷோரு, வெள்ளத்துல நின்னா செத்துல்லா போவான்? இங்கன நின்னவனுக்கு ஹெலிகாப்டர் வருது, ஓடுனவனுக்கு ஒண்ணுமில்ல. இது என்ன விழிப்புணர்வு?" என்று கேட்டேன்.

"எக்கா, டேட்டாவப் பாருங்க. நிக்கணும்னு போன ஷோவுக்குத்தான் ஆடியன்ஸ் மறுபடி வருதாங்க. என்கேஜ்மென்ட்டுன்னா அதுதான்."

"செத்தவன் எப்படிலே மறுபடி வருவான்?"

"நீங்க எதச் சொன்னாலும் நெகட்டிவ்வாவே பேசுதீங்க."

நெகட்டிவ்வாகப் பேசுகிறவள் என்று அன்றைக்கு எனக்குப் பட்டம் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு மைக்குக்குத் திரும்பினேன்.

3. நிஜச் சத்தம்

சவுண்டு பிடிக்க ஓர் ஆள் சென்னையிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டரில் ஆயிரம் சைரன் கிடக்கிறது, அதில் ஒன்றை எடுத்துப் போட்டால் தீர்ந்தது. அவனுக்கு நிஜச் சத்தம் வேண்டுமாம். எங்கள் கொட்டகைக்கு எதிரே இருக்கிற அருவிக்கரையில் போலீஸ் சைரன் உண்டு. அது எந்த அருவி என்று எழுத மாட்டேன், சீசனை நம்பிப் பிழைக்கிறவர்கள் அங்கே நிறைய. காலையில் அந்தச் சைரனைச் சோதித்துப் பார்க்கும்போது மைக்கை நீட்டிப் பதிவு செய்துகொண்டான்.

அது போதாதென்று, உள்ளே ஓடுகிற ஷோவின் சத்தம் வெளியே கேட்டால்தான் கூட்டம் வரும் என்று கிஷோர் இரண்டு கூம்பு ஸ்பீக்கரை அருவியைப் பார்த்துக் கட்டினான். அருவி இரைச்சலையும் மீறிக் கேட்கிற ஸ்பீக்கர்கள். முதல் நாள் எங்கள் சைரன் ஊதினதும் குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்துக் கரையேறினார்கள். பெண்கள் பக்கம் ஒரு அம்மா ஈரச் சேலையோடு சாலை வரைக்கும் ஓடிவந்து நின்று நடுங்கினார். கிஷோரோ, ஓடிவந்தவர்களில் எத்தனை பேர் டிக்கெட் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அருவிக்கரை டூட்டியில் இருந்த ஏட்டையா சங்கரன் வந்து சத்தம் போட்டார். கிஷோர் கையைக் கட்டிக்கொண்டு வால்யூமைக் குறைத்தான். அவர் தலை மறைந்ததும் கூட்டினான்.

கொஞ்ச நாளிலேயே கூட்டத்துக்குப் பழகிவிட்டது. சைரன் ஊதினால் யாரும் அசையவில்லை. என் குரல் கேட்டால், அருவிக்கடியில் நிற்கிறவர்களே கோரஸாக "நிக்கணும்!" என்று கத்திச் சிரித்தார்கள். கிஷோர் அதை போனில் படம் பிடித்து, 'அருவியே எங்கள் அரங்கம்' என்று தலைப்புக் கொடுத்துப் போட்டான். அதற்கு விழுந்த லைக்கையெல்லாம் என்னிடம் கொண்டுவந்து காட்டினான்.

4. ராயகிரிக்காரர்

அன்றைக்குக் கீழே மழை இல்லை, இளவெயில் அடித்தது. ராயகிரிக்காரர் ஒருவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஷோவை விட்டு வெளியே வந்தார். இரண்டு நாளில் மூன்றாவது தடவை. என்னைப் பார்த்ததும், "பாப்பா, இவங்கதான் அந்த ஆச்சி" என்றார். எனக்கு ஒன்றும் அவ்வளவு வயசாகிவிடவில்லை, போகட்டும். பிள்ளைக்கு நாலு வயது இருக்கும். என்னைப் போலவே குரலை இறுக்கி, "ஓடணுமா? நிக்கணுமா?" என்று கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் அதுவே "நிக்கணும்" என்று சொல்லிச் சிரித்தது. இரண்டு பேரும் குளிக்கப் போனார்கள்.

நான் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றேன். அருவித் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியதையும், சருகும் சுள்ளியும் விழுந்ததையும் அங்கிருந்தே பார்த்தேன். மலைமேல் பெரிய மழை. ஏட்டையா விசிலை ஊதினார், சைரனைப் போட்டார். நிஜ சைரன்.

"நிக்கணும்!" என்றது கூட்டம்.

ஏட்டையா மூச்சு வாங்க என்னிடம் ஓடிவந்தார். "ஏம்மா, உங்க சனியன நிப்பாட்டுங்க. மேல தண்ணி ஏறிட்டு. சைரன ஒரு பய மதிக்க மாட்டேங்கான். ஒங்க மைக்ல சொல்லும்மா!"

ஓடிக்கொண்டிருந்த ஷோவின் சத்தத்தை அணைத்துவிட்டு, அதே கூம்பு ஸ்பீக்கரில் பேச மைக்கை எடுத்தேன். அவசரத்தில் நாக்குக்குத் தெரிந்தது அந்த வார்த்தைகள்தான். "அபாயம்! அருவியில் வெள்ளம் வருகிறது! உடனே வெளியே வாருங்கள்!"

கைதட்டினார்கள். ராயகிரிக்காரர் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, தண்ணீர் நடுவில் நின்று, எல்லாரையும்விடச் சத்தமாக "நிக்கணும்!" என்றார். பிள்ளை அவர் தலையில் தாளம் தட்டியது.

"இது விளையாட்டு இல்ல, நிஜம்!" என்று கத்தினேன். விசில் பறந்தது. ஏனென்றால் அதுவும் கிஷோர் எழுதிய வசனம். நிஜம் என்ற சொல்லைக்கூட விட்டுவைக்காமல் ஷோவில் செலவழித்திருந்தோம். அல்லா, எனக்குச் சொல்ல ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. அந்தப் பிள்ளையின் சிவப்பு கவுன் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

கைப்பிடிச் சுவரில் பைகள் வரிசையாகக் கிடந்தன. அந்த ஊர்க் குரங்குகளை உங்களுக்குத் தெரியும்.

"ஏ, குரங்கு! குரங்கு பையத் தூக்கிட்டுப் போவுது! போன் கெடக்க பை! வண்டிச் சாவி கெடக்க பை! அந்தா, மரத்துல ஏறுதே! யார் பைய்யா அது, ஓடியாங்க!"

அருவி காலியாகிவிட்டது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் இரண்டும். முகத்தில் சோப்பு நுரையோடு, ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். சிலருக்கு வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்தது, அவ்வளவுதான் சேதம். கடைசி ஆள் மேல்படி ஏறுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் ஒரு பெரிய மரத்துண்டு விழுந்தது. குளிக்கிறவர்கள் பிடித்துக்கொள்கிற கம்பி முழுசாக மறைந்தது. ஏட்டையா தொப்பியைக் கழற்றிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

ராயகிரிக்காரர் நேராக என்னிடம் வந்தார். பிள்ளை தோளில்தான் இருந்தது. கையில் பை.

"எங்கன குரங்கு? பை வச்ச எடத்துலயே கெடக்கு. மைக்க கையில குடுத்துட்டா என்ன வேணாலும் சொல்லுவியளோ? வயசான பொம்பள இப்படியா பொய் சொல்லுதது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழங்கையைப் பிடித்து அவரை அருவிப் பக்கமாகத் திருப்பிவிட்டேன்.

அவர் பார்த்தார். பிள்ளையை மெதுவாகத் தோளிலிருந்து இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கையில் இருந்த பை கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். பாதி பயம், பாதி ஆத்திரம்.

5. புது கிளைமாக்ஸ்

கிஷோர் அவ்வளவு நேரமும் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். வெளியே வந்து, "சவுண்ட கட் பண்ணுனது யாரு?" என்று கேட்டான். அதுதான் அவன் முதல் கேள்வி. ஏட்டையா எழுந்து அவன் சட்டையைப் பிடித்தார். பிறகு இரண்டு ஸ்பீக்கரையும் அவரே ஏணி போட்டு ஏறி அவிழ்த்தார்.

மறுநாள் காலையில் கிஷோர் கண்ணெல்லாம் பளபளக்க வந்தான்.

"எக்கா, நேத்து நீங்க பண்ணது செம. அதுதான் ரியல் இன்டராக்டிவ். அத அப்படியே ரெக்கார்டு பண்ணுவோம். புது கிளைமாக்ஸ், குரங்கு. அந்தப் பதற்றம் மட்டும் அப்படியே வரணும்."

"ரெக்கார்டு பண்ணி ஓட்டுனா என்ன ஆகும்னு தெரியுமா? அடுத்த தடவ குரங்குன்னாலும் நிக்கணும்பான். அப்புறம் எதச் சொல்லி அவனக் கரையேத்துவ?"

"அப்ப வேற ஐடியா பிடிப்போம்க்கா."

அன்றோடு அந்த வேலையை விட்டேன். என் குரலை அழித்துவிடச் சொன்னேன், அது கன்டென்ட், அழிக்க முடியாது என்றான். இப்போது வேறு ஏதோ ஊரில் கொட்டகை போட்டிருக்கிறானாம். அங்கேயும் ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டுதான் இருக்கும்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கேட்டால் கேளுங்கள், இல்லாவிட்டால் டேட்டாவையே பார்த்துக்கொண்டிருங்கள். ஆடியன்ஸைப் பதில் சொல்ல வைப்பது பெரிய காரியமே இல்லை. எதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறோமோ அதைத்தான் அவன் ஆபத்து வரும்போதும் செய்வான். உயிர் காக்கிற சத்தத்தை வேடிக்கைக்கு எடுத்துப் போட்டால், அந்தச் சத்தம் அப்புறம் வேடிக்கைக்கு மட்டும்தான் உதவும்.

நான் இப்போது தென்காசியில் ஒரு ஜவுளிக் கடையில் மைக் பிடிக்கிறேன். ஆடித் தள்ளுபடி, ஒன்று வாங்கினால் ஒன்று என்று அளந்துவிடுகிறேன், யாரும் சாகப் போவதில்லை. போன மாதம் கடைக்குள் நிஜமாகவே ஒரு குரங்கு புகுந்து பில் போடுகிற மேஜையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. முதலாளி பதறிப்போய், "மைக்ல சொல்லுங்கம்மா, குரங்குன்னு சொல்லுங்க" என்றார். "பெரிய விருந்தாளி ஒருத்தர் வந்திருக்காரு, எல்லாரும் அவங்கவங்க பையப் பிடிச்சிக்கோங்க" என்று மட்டும் சொன்னேன்.

குரங்கு என்ற சொல்லை அன்றைக்குப் பிறகு நான் மைக்கில் சொன்னதே இல்லை. இன்னொரு தடவை அது வேண்டியிருக்கும். அன்றைக்கு அதைக் கேட்டு யாராவது ஓடவேண்டுமே.