சோடாக் கம்பெனியில் விழுந்த முள்

ஈரச்சாக்கு வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை...

தூத்துக்குடியில் எங்கள் தெருமுனையில் ஒரு சோடாக் கம்பெனி. ஆசிட்டும் சோடா உப்பும் கலந்து கேஸ் எடுத்தவர்கள், இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் முதல்முறையாக இரும்பு சிலிண்டர் வரவழைத்தார்கள். சூடானால் வெடித்துவிடும் என்று எந்நேரமும் அதற்கு ஈரச்சாக்கு போர்த்தியிருக்கும். சாக்கை நனைப்பதும் வால்வைத் திறந்து மூடுவதும் என் அண்ணன் சூசையின் வேலை.

சிலிண்டர் தலையில் கேஸின் அழுத்தம் காட்டும் ஒரு மீட்டர். மாட்டிய நாளிலிருந்து, தினம் சோடா அடித்தும், அதன் முள் ஒரே இடத்தில் நின்றது. அடைமழைக் காலம் அது. ஒரு நாள் சாயங்காலம் வரை அசையாத முள், மறுநாள் மத்தியானத்துக்குள் சரசரவென்று இறங்கிவிட்டது.

முதலாளிக்கு ஒரு மச்சான். துறைமுகப் பட்டறையில் வெல்டிங் வேலை. எல்லாம் தெரிந்த ஏகாம்பரம்! வந்து மீட்டரைத் தட்டிப் பார்த்தான்.

"கேஸுன்னா எல்லாம் ஒண்ணுதாம். எங்க ஆக்ஸிஜன்ல பாதி செலவானா முள்ளும் பாதி எறங்கும். இங்கன நேத்து வரைக்கும் அசையலயே? ராத்திரியோட ராத்திரியா எவனோ தொறந்து எடுத்திருக்கான்."

அப்படியானால் அத்தனை நாள் சோடா எதில் நுரைத்ததாம், அவன் அப்பன் வீட்டுக் காற்றிலா? முதலாளி அண்ணனைக் கூப்பிட்டார்.

"ஏலே சூசை, யாருக்குலே வித்த?"

"மாதா சத்தியமா நான் விக்கல அண்ணாச்சி."

அன்றே வெளியே தள்ளினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கோயிலில் ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்திருந்த அண்ணன் கல்யாணமும் நின்றது. பெண் வீட்டார் கள்ளனுக்குக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். அண்ணன் கொழும்புக்குத் தோணி ஏறினான். போகும்போது தங்கச்சி என்னிடம் சொன்னான், "ஏளா, நான்தாம் வால்வைச் சரியா மூடாம வந்துட்டனோ..."

அடுத்த சிலிண்டரிலும் முள் அதேபோல நின்றது, அதேபோல விழுந்தது. அப்போது வேலையில் இருந்தவன் அந்த மச்சானின் மகன். "மீட்டர் கோளாறு" என்றார்கள். அண்ணனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல ஒருவரும் இல்லை. பாவிகள்!

பிறகு கல்லூரியில் டீச்சர் போர்டில் வாயுவின் அழுத்தத்தைக் காட்ட ஒரு கோடு வரைந்தார். வாயுவின் துகள்கள் இடம் அடைக்காது, ஒன்றையொன்று இழுக்காது என்பது கணக்குக்காக வைத்துக்கொண்டது. நிஜ வாயு அப்படியில்லை. ஆக்ஸிஜன் ஏறக்குறைய கணக்குப்படி நடக்கும். சோடா கேஸை அழுத்தினால் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரவமாகிவிடும். எடுக்க எடுக்க அது ஆவியாகி நிரப்பிக்கொண்டே இருக்கும். கடைசிச் சொட்டு தீரும்வரை முள் அசையாது. தீர்ந்தால் விழும்.

பெஞ்சிலேயே அழுதுவிட்டேன். அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான் என்று கொழும்பிலிருந்து அதற்கு முன்பே சேதி வந்திருந்தது. வால்வைச் சரியாக மூடவில்லையோ என்ற அந்தச் சந்தேகத்தோடுதான் அவன் செத்திருக்கிறான்.

தொண்ணூறு தாண்டிய கிழவி முகநூலில் எழுத என்ன இருக்கிறது? இன்று காலை சமையல் கேஸ் வந்தது. கொண்டுவந்த தம்பி கொக்கித் தராசில் தூக்கி, "எடை சரியா இருக்கா பாத்துக்கிடுங்க பாட்டி" என்றான். கேட்காமலே காட்டினான்...

அந்த சோடாக் கம்பெனியிலும் தராசு இருந்தது. சீனி மூட்டை நிறுப்பதற்கு. தினம் ஒரு தடவை சிலிண்டரை அதில் ஏற்றியிருந்தால் கேஸ் குறைவது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். சீனியை நிறுத்தார்கள். என் அண்ணனை மட்டும் நிறுக்காமலே கள்ளன் என்றார்கள்.